வகை சொல்லாத வரிசை

அக்டோபர் 24, வெள்ளி

இன்று மாலை வயர்லெஸ் அறையில் என் கணினி நிரல் ஓடத் தொடங்கியது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். வேதியியல் வீட்டுப்பாடம் காத்திருக்கட்டும்.

எங்கள் ஊர் கொடிமேட்டிலிருந்து விசைப்படகுகள் போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அப்பாவின் படகு ஜெயமாரி. காலையிலும் மாலையிலும் படகுகள் கரையோடு வயர்லெஸ்ஸில் பேசும். மீனவர் சங்கக் கட்டடத்தில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. கரையிலிருந்து பேசுகிறவர் அம்மாவின் தம்பி, குணாளன் மாமா. பெண்கள் அந்த அறைக்குள் போவதில்லை. யார், எப்போது அப்படிச் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. போவதில்லை, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே நின்று, பேச்சு முடிந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். மாமா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் நல்லாருக்காங்க" என்பார்.

எனக்கு நினைவு தெரிந்து மாமா சொன்ன பதில் அது ஒன்றுதான். போன ஆண்டு ஜெயமாரியின் எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் மிதந்தபோதும் எல்லாம் நல்லாருக்காங்க. அப்பா காலில் கட்டோடு இறங்கி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "சொல்லி என்னா ஆவப்போவுது? நீங்க நீந்திப் போயா காப்பாத்துவீங்க?" என்றார் மாமா. அன்றைக்குத்தான் இந்த நிரலை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நிரல் செய்வது எளிய வேலை. வயர்லெஸ்ஸில் இரு பக்கமும் பேசும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, படகின் பெயரோடும் நேரத்தோடும் கணினியின் வட்டில் எழுதிவைக்கும். பெண்கள் ஜன்னலில் நின்றபடியே, விளிம்பில் இருக்கும் விசைப்பலகையில் தங்கள் படகின் பெயர் ஒட்டிய விசையை அமுக்கினால் ஒலிபெருக்கியில் அந்தப் பேச்சை அப்படியே கேட்கலாம். சங்க அலுவலகத்தில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியை இதற்குக் கேட்டோம். தலைவர் வீரையன் யோசித்தார். நான் அறைக்குள் போகலாமா என்பதற்கும் யோசித்தார். அஞ்சுகம் பெரியம்மாதான் பேசினார். பெரியம்மா மீன் ஏலத்தில் நிற்கிறவர். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

"மெசின் பாக்க வர்றவன உள்ள விடுவீங்கல்ல? அது மாதிரிதான் இதுவும். பொண்ணுன்னு நெனைக்காத தலைவரே, மெக்கானிக்குன்னு நெனச்சுக்க."

நிரலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நினைவகத்தில் இடம் கேட்கும்போது அதில் என்ன வைக்கப்போகிறோம் என்று இந்த மொழியில் சொல்ல வேண்டும். எழுத்தா, எண்ணா, வெறும் பைட்டா என்று. ஆனால் 'வாய்டு' என்று போட்டுவிட்டால் எதுவும் சொல்ல வேண்டாம். வகை குறிக்காத வரிசை. படகின் பெயரைக் கொடுத்தாலும், நேரத்தைக் கொடுத்தாலும், ஒலியைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். நிரல் முழுவதும் அதைத்தான் போட்டிருக்கிறேன். நீ யார், நீ என்ன என்று யாரும் விசாரிக்காத இடம். அப்படி ஓர் இடம் எங்காவது இருக்க வேண்டும்.


அக்டோபர் 25, சனி

அஞ்சுகம் பெரியம்மா தன் கணவர் பேசியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பேச்சு இவ்வளவுதான்: "ஐஸ் பத்தாது போலருக்கு. ஓவர்." அதற்கு முன்னால் ஒரு இருமல்.

"பாத்தியா, இருமுறாரு. மாத்திரையத் தொட்டிருக்க மாட்டாரு. எடுத்து வச்சனே, டப்பாவுல." பிறகு மாமாவைப் பார்த்து, "ஏன் குணா, இத நீ ஒரு நாளும் சொல்லலையே."

"இருமுனதெல்லாம் சேதியா அக்கா?"

"எனக்கு அதான் சேதி."

இரண்டு வீடு தள்ளியிருக்கும் கலைச்செல்வி அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. அவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து கேட்டுவிட்டுப் போனார். அவருடைய கணவர் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வலை கிழிந்ததைப் பற்றித்தான் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே போனார்.

அரிசி மாவு அரைத்து வந்தேன். மழை தூறுகிறது.


அக்டோபர் 27, திங்கள்

நசீமா மிஸ்ஸிடம் நிரலைக் காட்டினேன். மிஸ் எங்களுக்கு பிளஸ் டூ கணினி அறிவியல் எடுக்கிறார்.

"எந்த மொழியில எழுதியிருக்க?"

"டி, மிஸ்."

"மரியாதையாச் சொல்லு."

வகுப்பே சிரித்தது. மொழியின் பெயரே அதுதான் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. பைத்தானில் எழுதினால் செய்முறைத் தேர்வுக்கு வைக்கலாம், இது பாடத்திட்டத்தில் இல்லை, இதில் சந்தேகம் வந்தால் தன்னால் உதவ முடியாது என்றார் மிஸ். சங்கத்துக் கணினி பழையது, பைத்தான் அதில் மூச்சு வாங்கியது என்றேன். சி மொழி என்றால் எடுத்த இடத்தை நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும், மறந்தால் போச்சு. டி மொழியில் யாருக்கும் தேவைப்படாத இடத்தை அதுவே அவ்வப்போது கண்டுபிடித்துத் துப்புரவு செய்துவிடும். அதனால்தான் எடுத்தேன். "சரி, உன் பாடு" என்றார் மிஸ். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மாலை மாமா டீ வாங்கிக் கொடுத்தார். "பிளஸ் டூ முடிச்சுட்டு என்னா புள்ள பண்ணப்போற? நர்சிங் போறியா? நல்ல படிப்பு. வேலை நிச்சயம்."

"பாப்போம் மாமா" என்றேன்.

எல்லோருக்கும் அதுதான் என் பதில். சண்டை வராது, பொய்யும் இல்லை.


அக்டோபர் 29, புதன்

நின்றுவிட்டது.


அக்டோபர் 30, வியாழன்

நேற்று மதியம் கணினி உறைந்து போயிருக்கிறது. மாலைப் பேச்சு எதுவும் பதிவாகவில்லை. இன்று அணைத்துப் போட்டேன். பள்ளி விட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அதே கதி. நினைவகம் முழுக்க நிரம்பி, சுட்டியைக்கூட நகர்த்த முடியவில்லை.

பெண்கள் ஜன்னலில் நின்றார்கள். படகுகள் இப்போது வெகுதூரத்தில் இருக்கின்றன. இப்போதுதான் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் இருக்கும். மாமா ஹெட்போனைக் கழற்றினார்.

"எல்லாம் நல்லாருக்காங்க."

யாரும் நகரவில்லை. "இருமல் எப்படி இருக்காம்?" என்று கேட்டார் பெரியம்மா. மாமா மேஜையைத் துடைத்தார்.

தலைவர் வந்து பார்த்துவிட்டு, நவம்பர் 16 ஞாயிறன்று சங்கக் கூட்டம் இருக்கிறது, அதற்குள் சரியாக ஓடினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எடுத்துவிடலாம் என்றார். "பொம்பளைங்க வேலையப் போட்டுட்டு இங்க வந்து கூட்டம் கூடுது. அதுவும் ஒரு பிரச்சினைதான்" என்று சேர்த்துக்கொண்டார். அப்படியென்றால் இந்த ஜன்னலில் இத்தனை ஆண்டுகளாக நின்றது யார்?


நவம்பர் 1, சனி

மடிக்கணினியில் அதே நிரலைக் காலையிலிருந்து ஓடவிட்டேன். சித்தி மகள் படித்து முடித்து எனக்குக் கொடுத்த மடிக்கணினி அது. சங்கத்தில் பதிவான ஒலியையே அதற்குக் கொடுத்தேன். நான் துணி துவைத்தேன், கருவாடு காயவைத்தேன், மழை வந்ததும் ஓடி அள்ளினேன், மறுபடி காயவைத்தேன். நிரல் நிற்கவே இல்லை. நினைவகம் ஏறியது, துப்புரவு நடந்தது, இறங்கியது.

அப்படியானால் தவறு என் நிரலில் இல்லை.


நவம்பர் 4, செவ்வாய்

கவனித்ததை எழுதுகிறேன். கணினி நிற்கும் நாட்களில் எல்லாம் மாமா வயர்லெஸ் பெட்டியின் பக்கத்துக் குமிழைத் திருப்பியிருக்கிறார். திருப்பாத நாட்களில் நிற்கவில்லை. இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். குமிழ் திரும்பியிருந்தது. மாலையில் கணினி உறைந்திருந்தது.

கேட்டுவிட்டேன். ஜன்னலில் எல்லோரும் நிற்கும்போது கேட்டேன். "மாமா, நீங்கதான் எதையோ திருப்பி மெசின நிறுத்துறீங்க. நாங்க கேக்கறது உங்களுக்குப் பிடிக்கல."

மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. "போட்டுங்க தூரம் போனா கொரலு சன்னமா வரும் புள்ள. அந்தக் குமிழத் தொறந்தாத்தான் கேக்கும். இரைச்சலும் சேந்து வரும். இத நான் இன்னிக்கா செய்யறன்?" பிறகு என்னைப் பார்க்காமல், "உன்ன உள்ள விட்டேன் பாரு" என்றார்.

வீட்டில் அம்மா, "அவனப் போய் அத்தன பேரு முன்னாடி" என்று மட்டும் சொன்னாள். இரவு எனக்குப் பிடித்த இறால் தொக்கு இருந்தது. கேட்காமல் போட்டாள். நான் கேட்காமல் சாப்பிட்டேன்.


நவம்பர் 5, புதன்

மழை விடுமுறை. 'இரைச்சல்' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


நவம்பர் 6, வியாழன்

இன்றும் விடுமுறை. குடை பிடித்துக்கொண்டு போனேன். மாமா கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். என்னோடு பேசுவதில்லை.

பழைய கணினியில் இரண்டு சோதனை செய்தேன். முதலில் முழு மௌனமான ஒலியை ஓடவிட்டேன். நினைவகம் ஏறி இறங்கி ஒழுங்காக இருந்தது. அடுத்து குமிழ் திறந்திருந்த நாளின் இரைச்சலைக் கொடுத்தேன். ஏறியது. துப்புரவு நடந்தது. இறங்கவில்லை. மறுபடி ஏறியது. அந்த ஷ்ஷ் என்ற சத்தம் ஓட ஓடக் கணினி மூழ்கும் படகு மாதிரி நிரம்பிக்கொண்டே போனது.

ஆக, மாமா குமிழைத் திருப்பினால் கணினி நிற்பது உண்மை. மாமா அதை நிறுத்தவில்லை என்பதும் உண்மை. ஒலியின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். மௌனத்தைத் தூக்கிப்போட முடிகிற துப்புரவுக்கு இரைச்சலை மட்டும் ஏன் தூக்கிப்போட முடியவில்லை?


நவம்பர் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பள்ளியில் பதிவிறக்கி வைத்திருந்த மொழிக் கையேட்டை முதலிலிருந்து படித்தேன். பதில் நான் மிகவும் விரும்பிய இடத்திலேயே இருந்தது.

துப்புரவு எப்படி நடக்கிறது என்றால், நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் யாராவது இன்னும் வைத்திருக்கிறார்களா என்று அது தேடிப்பார்க்கும். ஒரு பெட்டியின் முகவரி வேறு எங்காவது எழுதியிருந்தால், அது யாருக்கோ வேண்டியது, தொடக் கூடாது. எங்கும் எழுதியில்லை என்றால் தூக்கிப்போடலாம். சரி, முகவரிகளை எங்கே தேடும்? இங்கேதான் வகை வருகிறது. 'யூபைட்' என்று எழுதிய பெட்டியைத் திறக்கவே திறக்காது. உள்ளே வெறும் பைட்டுகள், முகவரி இருக்காது என்று பெட்டிக்காரரே சொல்லிவிட்டார். 'வாய்டு' என்று விட்ட பெட்டி அப்படியில்லை. எதுவும் இருக்கலாம் என்பதால் முகவரியும் இருக்கலாம். அதனால் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் இது ஒரு முகவரியோ என்று பார்க்கும்.

மௌனம் என்றால் எல்லாம் பூஜ்யம், சந்தேகம் எழாது. இரைச்சலில் எல்லா விதமான எண்ணும் இருக்கிறது. பழைய கணினியில் முகவரிகள் சிறியவை, நான்கே பைட். இரைச்சலின் ஏதாவது நான்கு பைட் ஏதாவது ஒரு பெட்டியின் முகவரியோடு தற்செயலாக ஒத்துப்போய்விடும். உடனே, அது வேண்டியது, விடு. அந்தப் பெட்டிக்குள்ளும் இரைச்சல்தான். அது இன்னொன்றைக் காட்டும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு எதுவுமே வெளியே போகாது. என் மடிக்கணினியில் முகவரி நீளமானது, எட்டு பைட். தற்செயலாக ஒத்துப்போவது அரிது. அதனால்தான் வீட்டில் நிற்கவில்லை.

யாரும் விசாரிக்காத இடம் என்று நினைத்தேன். அதைத்தான் ஒவ்வொரு முறையும் திறந்து துழாவிக்கொண்டிருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. வாய்டை எடுக்காமலே வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். துப்புரவையே நிறுத்திவிட்டு நானே இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குச் சி மொழியிலேயே எழுதியிருக்கலாம். மதியம்வரை பிடிவாதம் பிடித்தேன். பிறகு மாற்றினேன்.

ஒரு சொல்லை மாற்றினால் முடிந்துவிடும் என்று நினைத்தது தவறு. மாற்றியதும் நிரல் முழுக்கப் பிழைகள் வந்தன. படகின் பெயரைக் கொடுத்த இடத்தில், இது எழுத்து, பைட் இல்லை. நேரத்தைக் கொடுத்த இடத்தில், இது எண், பைட் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் போய் இது இன்னது என்று எழுத வேண்டியிருந்தது. இதுவரை நான் சொல்லாமல் தப்பித்த எல்லா இடமும் வரிசையாக வந்து நின்றன.


நவம்பர் 9, ஞாயிறு

புதிய நிரலைப் போட்டுவிட்டு, மாமா முன்னாலேயே நானே குமிழைத் திறந்தேன். அறை முழுக்க இரைச்சல். நினைவகம் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நிறுத்தல மாமா. என் நிரல்லதான் தப்பு."

"இப்பவாவது தெரிஞ்சுதா."

"தெரிஞ்சுது. ஆனா நாங்க கேக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு சொன்னேன்ல, அத நான் வாபஸ் வாங்கல."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார். எப்படிச் சரி செய்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். "எனக்கு எதுக்கு அதெல்லாம். எப்படியும் தூரம் போனா நின்னுரும், பாரு" என்றார். படகுகள் தூரம் போன நாட்களில் அது உறைந்து நின்றதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நம்பவில்லை.

படகுகள் நேற்று முன்தினம் புறப்பட்டவை. நாளை தூரத்துக்குப் போய்விடும்.


நவம்பர் 11, செவ்வாய்

நிற்கவில்லை. நேற்றும் இன்றும் குமிழ் திறந்தே இருந்தது, கணினி நிற்கவில்லை.

பள்ளி விட்டு வந்தபோது ஜன்னலில் நிறையப் பேர் இருந்தார்கள். அம்மாவும் இருந்தாள். மாமா மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பியிருக்கவில்லை. அஞ்சுகம் பெரியம்மா என்னைப் பார்த்து, "வா பவா, நீயும் கேளு. உன் சேதிதான்" என்று ஜெயமாரியை அமுக்கினார். காலைப் பேச்சு, ஜன்னலில் யாரும் இல்லாத நேரம். இரைச்சலுக்கு நடுவே மாமாவின் குரல்.

"பவா விஷயம் மச்சான். நர்சிங்குக்கு சரின்னுட்டா. தெரிஞ்சவன் ஒருத்தன் வேலை பாக்குற காலேஜி. இப்பவே பேரு குடுத்து வைக்கணுங்கறான். ஓவர்."

அப்பா: "அவளே சொன்னாளா? ஓவர்."

மாமா: "நானே கேட்டேன். சரின்னா. ஓவர்."

அப்பா: "அப்ப சரி. சனிக்கிழமைக்குள்ள குடுத்துரு. ஓவர்."

தூரம் போனதும் மெசின் நின்றிருக்கும் என்று மாமா நினைத்திருப்பார், திரையைப் பார்த்திருக்க மாட்டார்.

'அவளே சொன்னாளா' என்று அப்பா கேட்ட இடத்தை மட்டும் சில முறை போட்டுக் கேட்டேன். தூரத்துக் குரல் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சோதிக்கத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள். "நீ என்ன சொன்ன அவங்கிட்ட?"

"பாப்போம்னு சொன்னேன்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்."

"அவன் பாத்துட்டான்" என்றாள் அம்மா. அடுப்பில் உலை வைத்த பிறகு மறுபடி வந்து நின்றாள். "எனக்குந்தான் தெரியாது. உனக்கு என்னா வேணும்? நீ எங்கிட்ட கூடச் சொன்னதில்ல."

சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லாததற்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.


நவம்பர் 12, புதன்

மாமாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பாப்போம்னா சரின்னுதானே அர்த்தம்? வேணாம்னா வேணாம்னு சொல்லிருப்ப. நீ ஒண்ணும் சொல்லல. உனக்கு நல்லது எதுவோ அத நான் சொன்னேன்."

"நான் சொன்னதா சொல்லிருக்கீங்க."

"அவரு கடல்ல கெடக்காரு. அங்க போயி கவலையக் குடுக்கணுமா? எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அவரு நிம்மதியா வலை இழுப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா எங்களுக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கடலுக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாளைக்குச் சாயங்காலம் அப்பாகிட்ட நான் பேசறேன்."

"மைக்ல பொம்பளைங்க யாரும் பேசுனதில்ல."

"தெரியும்."

"எல்லாப் போட்டும் கேக்கும். ஊரே கேக்கும்."

"அதுவும் தெரியும் மாமா."


நவம்பர் 13, வியாழன்

இயற்பியல் தேர்வு எழுதினேன். மின்தேக்கிக் கணக்கில் அலகு எழுத மறந்தேன். விடையை முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, திரும்பிப் போய்ச் சேர்த்தேன்.

மாலை போனேன். ஜன்னலில் எல்லோரும் இருந்தார்கள். பெரியம்மா ஏலத்தைப் பாதியில் விட்டு வந்திருந்தார், கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மாமா ஒவ்வொரு படகாக அழைத்தார். ஜெயமாரி வந்தது. மாமா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிடுங்கிக்கொள்வதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் பொத்தானை அமுக்கி, "மச்சான், ஒரு ஆளு பேசணுங்குது. ஓவர்" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி ஒலிபெருக்கியில் விட்டு, மைக்கை நீட்டினார்.

"அப்பா, நான் பவதாரணி பேசறேன். நர்சிங்குக்கு நான் சரின்னு சொல்லல. பாப்போம்னு சொன்னேன். இப்பப் பாத்துட்டேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப்போறேன். கவுன்சிலிங்ல சீட்டு வாங்குவேன். வெளியூர்னா ஹாஸ்டல்ல தங்கிப் படிப்பேன். இத நான்தான் சொல்றேன், வேற யாரும் எனக்காகச் சொல்லல. ஓவர்."

பதில் வரவில்லை. இரைச்சல்கூட வரவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கைய எடு புள்ள" என்றார் மாமா. "நீ அமுக்கிக்கிட்டே இருந்தா அவரு எப்படிப் பேசுவாரு?"

பொத்தானை விட்டேன். இரைச்சல் கொட்டியது, அதற்குள்ளிருந்து அப்பா.

"...ன்ன யாரு உள்ள விட்டா? ஓவர்."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் வேறு ஒரு படகு குறுக்கே வந்தது. "தம்பி, புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லு தம்பி. ஓவர்." அது பெரியம்மாவின் கணவர். கடைசியில் இருமினார்.

அப்பா: "கரைக்கு வந்து பேசிக்கலாம். ஓவர்."

ஜன்னல் கம்பிக்கு இடையே அம்மாவின் கை நீண்டது. மாமா அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மைக்கின் சுருள் வயர் மேஜைக் காலில் சிக்கியிருந்தது. குனிந்து எடுத்துவிட்டவர் மாமாதான்.

அம்மா மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசினாள். "கரைக்கு வந்துங்கற பேச்சு வேணாம். சனிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கச் சொன்னது நீங்க. இப்பவே சொல்லுங்க." பொத்தானை விட்டாள். பிறகு ஞாபகம் வந்து மறுபடி அமுக்கி, "ஓவர்" என்றாள்.

இரைச்சல் ஓடியது. எவ்வளவு நேரம் என்று பதிவைப் போட்டால் தெரியும். நான் போட்டுப் பார்க்கப்போவதில்லை.

"சரி" என்றார் அப்பா. "படிக்கட்டும். குணா, அங்க பேரு குடுக்காத. ஓவர்."

நினைவகம் ஏறியது, இறங்கியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


நவம்பர் 16, ஞாயிறு

சங்கக் கூட்டம். கணினி நிற்காமல் ஓடியதைத் தலைவர் ஒப்புக்கொண்டார். அது ஜன்னலிலேயே இருக்கலாம். அடுத்து மைக் விஷயம். வயர்லெஸ் ஆண்கள் தொழிலுக்கானது, குடும்பப் பேச்சுக்கு இல்லை, பிற ஊர்ப் படகுகளும் கேட்கின்றன, சிரிக்கிறார்கள் என்றார். யார் சிரித்தார்கள் என்று பெரியம்மா வெளியிலிருந்து கேட்டார். பெயர் வரவில்லை.

முடிவில் அறைக் கதவில் ஒரு பலகை மாட்டுவது என்று தீர்மானித்தார்கள். இத்தனை ஆண்டுகளாக எழுதாமலே இருந்த ஒன்றை எழுதப்போகிறார்கள். எழுதட்டும். என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

இனி கணினி பழுதானால் யார் பார்ப்பது என்று மாமா கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். மாமா சொல்லவில்லை.


நவம்பர் 18, செவ்வாய்

பலகை வந்துவிட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து. 'பெண்கள் உள்ளே வரக் கூடாது.' பலமுறை படித்தேன். அதில் வேறு எதுவும் இல்லை.

மாலைப் பேச்சுக்கு எல்லோரும் வந்தார்கள். மாமா ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை, ஒலிபெருக்கியில் விட்டார். ஒவ்வொரு படகும் பேசி முடிந்ததும் மைக்கை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார், வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். சுருள் வயர் இழுத்தால் கம்பிக்கு வெளியே நன்றாகவே வருகிறது. முதலில் பெரியம்மா மாத்திரை டப்பா எந்தப் பையில் இருக்கிறது என்று சொன்னார். கலைச்செல்வி அக்கா மைக்கை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். மெதுவாகப் பேசினார். எல்லாப் படகும் கேட்டிருக்கும்.

தலைவர் வந்தார். பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். பலகையில் எழுதியிருந்தபடியே நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை.